கம்பனிக் காசும் யானைக் காசும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே முதியோரின் கொட்டப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், பாக்குத் துண்டுகளோடு கறுத்துப்போன செப்புக் காசு ஒன்றிரண்டு விழுதல் அரிதன்று. ‘இது எவ்வளவு பெறும்?’ என்பதே கண்டவர் முதலிற் கேட்கும் கேள்வி. ‘இது எங்கே அடிக்கப்பட்டது?’ என்று கேட்பவர் மிகச் சிலர். பின்னைய கேள்விக்கு விடை காணாது முன்னையதற்கு விடை கூறல் இயலாது என்பதையே ஈண்டுக் காட்ட விழைகின்றோம்.

1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குறி எளிதில் அறியத்தக்கது. பெரிய ‘வீ’ எழுத்தின் ஒரு கையில் ‘ஓ’வும் மறு கையில் ‘சீ’யும் பின்னிக் கிடக்கும். மறுபுறத்துக் கேடயமோ காசு எந்த மாகாணத்துக்கு உரியதென்று சொல்லும். எழுந்து நிற்கும் ஒற்றைச் சிங்கமாயின் ஒல்லாந்து. அலைகளினின்று பாதியுடல் வெளிப்படும் சிங்கமாயின் சீலாந்து. இரு சிங்கங்கள் நடப்பின் மேற்குப் பிரீஸ்லாந்து. இக்காசின் பெயர் டொய்ட். நாம் வழங்கும் ‘துட்டு’ என்னும் சொல் இதன்வழி வந்ததென்பர். 1726 முதல் 1794 வரை ஏராளமாக அடிக்கப்பட்டமையால், பழமை இருப்பினும் பெரும் விலை இதற்கு இல்லை. அமெரிக்காவிலே இதனை ‘நியூயோர்க் காசு’ என்று சொல்லி விற்றவரும் உளர். ஒல்லாந்தர் அந்நகரை ஆங்கிலேயரிடம் இழந்தது 1664 இல். காசோ அதற்கு 62 ஆண்டுகள் பிந்தியது! விற்பவன் வாயைவிடக் காசின் முகமே நம்பத்தக்கது.

எமக்கு நெருக்கமான காசு வேறொன்று. ஆங்கிலேயரோடு மூண்ட போரினால் கம்பனி நலிந்திருந்த வேளையில், 1783 முதல் இலங்கையிலேயே ஸ்டைவர் என்னும் தடித்த செப்புக் காசுகள் அடிக்கப்பட்டன. நன்றாக வட்டமாகவும் இராத முரட்டுக் காசுகள் அவை. கம்பனிக் குறியின் தலைமேல் உள்ள தனியெழுத்தே இவற்றின் உயிர். ‘சீ’ கொழும்பு, ‘ஜீ’ காலி, ‘டீ’ திருகோணமலை, ‘ஐ’ யாழ்ப்பாணம். ‘ஜே’ அன்றோ வேண்டும் என நாமும் முதலில் மயங்கினோம். ஐரோப்பியர் அவ்விரண்டினையும் ஓரெழுத்தாகவே எழுதிவந்த பழக்கம் அப்போதும் முற்றாக நீங்கவில்லை.

அவ்வெழுத்தின் அருமையை நாம் அறிந்தது நட்டத்தின் வாயிலாகவே. எங்கள் அப்பாச்சியின் கொட்டப்பெட்டியிற் கிடந்த ஸ்டைவர் ஒன்றைப் புளியும் சாம்பலும் இட்டு, குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் துலக்கினோம். காசு பளபளத்தது. ஏற்கெனவே தேய்ந்திருந்த ஆண்டு மறைந்தது. மேலெழுத்தின் நேர்கோடு மாத்திரம் மங்கலாக எஞ்சியது. கறுப்பு நிறம் அழுக்கன்று, செம்பைக் காக்கும் போர்வை என்பதைப் பின்னரே கற்றோம். துலக்கிய காசைக் கண்டால் சேகரிப்போர் முகஞ் சுளிப்பர்; விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

1801 முதல் 1816 வரை ஆங்கிலேயர் இங்கு அடித்த யானைக் காசுகளில் வேறொரு மயக்கம் உண்டு. ஒருபுறம் யானையும் ஆண்டும்; மறுபுறம் 12, 24, 48 என்னும் எண்களுள் ஒன்று. 48 எனக் கண்டவர் அதுவே பெரிய காசென எண்ணுவர். உண்மை மறுதலை. ஒரு றிக்ஸ்டொலருக்கு 48 ஸ்டைவர். ஆதலின் 48 என்பது றிக்ஸ்டொலரின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஸ்டைவர். 12 என்பதோ நான்கு ஸ்டைவர், ஒரு பணம். கையால் அடித்தமையால் ஆண்டின் பாதி காசுக்கு வெளியே போய்விடுதல் வழக்கம். நான்கு இலக்கமும் முழுமையாக விழுந்த காசு கூடிய விலை பெறும். 1821 ஆம் ஆண்டு வெள்ளி றிக்ஸ்டொலரில் ஒருபுறம் நான்காம் ஜோர்ஜ் மன்னர், மறுபுறம் அதே யானை. 1870 ஆம் ஆண்டிட்ட சதக் காசிலே மரமொன்றும், அதன் இருபுறத்தும் சிங்கள தமிழ் எழுத்துக்களும் உள. அம்மரம் பனையென்று சாதிக்காத யாழ்ப்பாணத்தானை நாம் இன்னும் கண்டதில்லை!

பெருவிலை கேட்கும் காசாயின் முதலில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். வார்த்தெடுத்த போலியின் முகத்திலே குமிழிக் குழிகளும், விளிம்பிலே பொருத்திய கோடும் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். 1924 இல் வெளிவந்த கொட்ரிங்டன் துரையின் இலங்கை நாணய நூலோடு ஒப்பிட்டபின் பேரம் பேசலாம். தோட்டங் கொத்துகையில் மண்ணிலிருந்து கிடைத்த புதையலுக்கோ பேரமே இல்லை. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அது அரசுக்கு உரியது.

அப்பாச்சியின் காசு இப்பொழுது உலர்ந்த காகித உறையில் இருக்கின்றது. உறையின்மேல் கிடைத்த இடம், எடை, எழுத்து ஆகியவற்றைக் குறித்துள்ளோம். எழுத்தின் பக்கத்திலே ஒரு கேள்விக்குறி. ஆண்டுக்குரிய இடம் வெறுமையாக உள்ளது.