துப்பாக்கி இல்லாத கேப்டன்

ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். பதிலுக்கு ஒரு பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து, 'அங்கே ரெண்டு கோஷ்டி அடிச்சிக்குது, யார் முதல்ல சுட்டாங்கன்னு பார்த்து எழுதிட்டு வாங்க' என்று அனுப்புகிறீர்கள். தமாஷ் இல்லை. இப்படி ஒரு உத்தியோகம் நிஜமாகவே இருக்கிறது. ஐ.நா.வின் ராணுவப் பார்வையாளர்.

பிள்ளையார் சுழி விழுந்தது பாலஸ்தீனத்தில். 1948 மே மாதம் இஸ்ரேல் பிறந்த கையோடு போரும் பிறந்தது. ஜூன் 11-ல் ஒருவழியாகத் தாற்காலிகப் போர் நிறுத்தம். சரி, அதை யார் மீறுகிறார்கள் என்று பார்க்க ஆள் வேண்டாமா? பெல்ஜியம், பிரான்ஸ், அமெரிக்கா, ஸ்வீடன் என்று பல நாட்டு அதிகாரிகளைத் திரட்டி அனுப்பினார்கள். ஆயுதம் கிடையாது. கையில் துப்பாக்கி இருந்தால் நீங்கள் சண்டையில் மூன்றாவது கட்சி. இல்லாவிட்டால் சாட்சி. அதுதான் கணக்கு.

சாட்சிக்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் ஐ.நா. மத்தியஸ்தர் கவுண்ட் பெர்னடாட்டை ஜெருசலேமில் வழிமறித்துச் சுட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுப் பார்வையாளர் கர்னல் செரோவும் செத்துப்போனார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1949 ஜனவரியில் நம் காஷ்மீருக்கே ஒரு குழு வந்து இறங்கியது.

இதற்கென்று தனிப் பயிற்சி மையங்கள் பிறகுதான் வந்தன. பின்லாந்து 1969-ல் ஒன்றை ஆரம்பித்தது. அயர்லாந்தில் 1993. டெல்லியில் 2000.

அங்கே என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? பாதி பாடம், பட்டாளத்தில் படித்ததை மறப்பது. சுடாதே, பேசு. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் கூலிங்கிளாஸைக் கழற்று. எதிரே நிற்கும் பையன் உன் கண்ணைப் பார்க்கட்டும். கைகள் இரண்டும் வெளியே தெரியட்டும். அவன் குடித்திருக்கலாம், பயந்திருக்கலாம். குரலை உயர்த்தாதே. குண்டு விழுந்த பள்ளத்தை வைத்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கண்டுபிடி. கண்ணிவெடி வயல் என்று தெரிந்தால் அப்படியே நில், ஒரு அடி நகராதே. அறிக்கையில் கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு, இரண்டையும் கலக்காதே. திடீரென்று முகமூடி ஆட்கள் பாய்ந்து, கண்ணைக் கட்டி இழுத்துப்போகும் ஒத்திகையும் உண்டு. வெறும் பயமுறுத்தல் என்று நினைக்காதீர்கள். 1995 மே மாதம் போஸ்னியாவில், நேட்டோ விமானத் தாக்குதலுக்குப் பதிலடியாக, ஐ.நா. பார்வையாளர்களைப் பிடித்து ஆயுதக் கிடங்கின் கம்பங்களில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள் செர்பியப் படையினர். உலகமே டி.வி.யில் பார்த்தது.

எல்லாம் சரி. கண் முன்னால் நடப்பது போர் நிறுத்த மீறல் அல்ல, படுகொலை என்றால்? அப்போதும் நோட்டில் எழுதிக்கொண்டு நிற்பதா?

1994, ருவாண்டா. ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதி ஹபியாரிமனாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பெண் பிரதமர் அகதா உவிலிங்கியிமனாவைக் கொன்றார்கள். காவலுக்குப் போன பத்து பெல்ஜிய வீரர்களையும் கொன்றார்கள். ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைத் தேடித் தேடி வெட்டினார்கள். பாதுகாப்பு கவுன்சில் என்ன செய்தது? சுமார் 2,500 பேர் இருந்த அமைதிப்படையை 270 ஆகக் குறைக்க ஏப்ரல் 21-ல் தீர்மானம் போட்டது!

அங்கே ஒரு பார்வையாளர் இருந்தார். செனகல் நாட்டு கேப்டன் ம்பாயே தியான். வயது 36. கையில் ஆயுதம் கிடையாது, தலையிட உத்தரவும் கிடையாது. கொல்லப்பட்ட பிரதமரின் பிள்ளைகள் ஒளிந்திருப்பது தெரிந்ததும் வண்டியில் ஏற்றி ஹோட்டல் மில் கோலினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு நிற்கவில்லை. ஒரு தடவைக்கு மூன்று பேர், நாலு பேர். வழியெல்லாம் சோதனைச் சாவடி, கையில் அரிவாளோடு ஆட்கள். தியான் சிரிப்பார், ஜோக் அடிப்பார், சிகரெட் நீட்டுவார். சாவடியில் பேசத் தெரிந்தவன் சாவடியைத் தாண்டுவான் என்பது பாடம். அந்தப் பாடத்தை உயிர் காக்கப் பயன்படுத்திய மனுஷன் அவர். படைத் தளபதி ரோமியோ டலேருக்கு விஷயம் தெரியும். தடுக்கவில்லை.

மே 31. அரசு ராணுவத் தளபதி கொடுத்த தகவல் ஒன்றை டலேரிடம் சேர்க்கத் தனியாக வண்டி ஓட்டிப் போனார் தியான். கிகாலியில் ஒரு சாவடி அருகே மார்ட்டர் குண்டு விழுந்தது. சிதறிய துண்டு தலையில் பாய்ந்து அங்கேயே உயிர் போனது. அதற்குள் அவர் காப்பாற்றியிருந்தவர்கள் நூற்றுக்கணக்கில். சுமார் நூறு நாளில் செத்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல்.

ருவாண்டா வெட்கம் ஐ.நா.வை உறுத்திக்கொண்டே இருந்தது. 1999-ல் சியரா லியோன் போன அமைதிப்படைக்கு முதல் முறையாக, ஆபத்திலிருக்கும் பொதுமக்களைக் காப்பதும் உன் வேலை என்று தீர்மானத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். இன்று அமைதிப் பணிக்குப் போகிறவர்களுக்கான பயிற்சியில் அதுவும் ஒரு பாடம்.

2014-ல் பாதுகாப்பு கவுன்சில் தியான் பெயரில் வீரப் பதக்கம் ஒன்றை அறிவித்தது. 2016-ல் முதல் பதக்கத்தை வாங்கிக்கொண்டது அவர் குடும்பம்தான். கவனித்தீர்களா? படையைக் குறைக்கக் கை தூக்கியதும் அதே கவுன்சில்தான்.