உணர முடியாத மின்சாரம்: அக்குபங்சர் சிகிச்சையில் மைக்ரோகரண்ட்

மின்சாரத்தால் வலியைப் போக்கலாம் என்ற எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை நெற்றியில் வைக்கச் சொன்னார். 1825-ல் பிரெஞ்சு மருத்துவர் சார்லாந்தியேர், உடலில் குத்திய ஊசிகளின் வழியே மின்சாரம் செலுத்துவது பற்றி ஒரு நூலே வெளியிட்டார். சீனாவில் 1950களில் அக்குபங்சர் ஊசிகளோடு மின்கருவியை இணைக்கும் பழக்கம் பரவியது. ஆகவே ஊசியும் மின்சாரமும் சேர்ந்தது நேற்று நடந்த கதையல்ல.

இன்று அமெரிக்காவில் பல அக்குபங்சர் மருத்துவர்களின் அறைகளில் இருக்கும் மைக்ரோகரண்ட் கருவி இந்த வரிசையில் கடைசியாக வந்தது. இதில் பாயும் மின்சாரம் மிகமிகக் குறைவு. நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. இதன் கவர்ச்சியும் இதுதான், சிக்கலும் இதுதான். உணர முடியாத ஒன்று வேலை செய்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மென்பொருள் எழுதிப் பிழைக்கும் ஒரு பொறியாளனின் கண்ணோட்டத்தில் இதைப் பார்ப்போம்.

எவ்வளவு சிறிது?

ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோ ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தைக் கொண்டு செய்யும் சிகிச்சையைத்தான் மைக்ரோகரண்ட் என்கிறார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் டென்ஸ் கருவி இதற்குப் பெரிய அண்ணன். அதன் துடிப்புகள் பல மில்லி ஆம்பியர் அளவுக்குப் போகும். தோலில் எறும்பு ஊர்வதுபோலச் சுறுசுறுக்கும். அது நரம்புகளை நேரடியாகத் தூண்டுகிறது. தொடு உணர்ச்சி நரம்புகள் மும்முரமாக இருந்தால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தப்படும் என்று 1965-ல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த 'கதவுக் கொள்கை'தான் டென்ஸுக்கு அடிப்படை. மைக்ரோகரண்டோ பெரும்பாலும் அந்த நரம்புகளைத் தூண்டும் அளவை எட்டுவதே இல்லை. எனவே கதவுக் கொள்கை இதற்குப் பொருந்தாது. வேறு விளக்கம் தேவை.

எலியின் தோல் சொன்னது

அந்த வேறு விளக்கத்துக்குப் பெரும்பாலும் 1982-ல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டுகிறார்கள். செங் என்பவரும் அவருடைய குழுவினரும் எலியின் தோல் துண்டுகளை ஆய்வகத்தில் வைத்து அவற்றில் மின்சாரம் செலுத்தினார்கள். உயிரணுக்களின் எரிபொருள் என்று சொல்லத்தக்க ஏடிபி, சில நூறு மைக்ரோ ஆம்பியர் அளவில் பல மடங்கு கூடியது. மின்னோட்டம் மில்லி ஆம்பியர்களுக்கு ஏறியபோது அந்தப் பலன் மறைந்தது. 'குறைவே நிறைவு' என்ற விற்பனை வாசகம் இங்கிருந்துதான் பிறந்தது.

நம் உடலிலும் சிறிய மின்னோட்டங்கள் இயல்பாகவே உண்டு. 1843-ல் ஜெர்மானிய விஞ்ஞானி டு பாய்-ரேமான், தன் விரலில் ஏற்பட்ட வெட்டுக்காயத்திலிருந்து மின்னோட்டம் கசிவதை அளந்து காட்டினார். காயத்தைச் சுற்றியுள்ள மின்புலம் உயிரணுக்கள் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று வழிகாட்டுகிறது என்பதற்கு 2006-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு வலுவான சான்று தந்தது.

இவையெல்லாம் சுவையான அறிவியல். ஆனால் தட்டில் கிடந்த எலித்தோல் வேறு, தேய்ந்துபோன முழங்கால் மூட்டு வேறு. தோல் துண்டில் ஏடிபி கூடியது என்பதிலிருந்து 'உங்கள் முதுகுவலி போய்விடும்' என்பதற்கு ஒரே தாவலில் போக முடியாது.

சிகிச்சை அறையில்

அக்குபங்சர் மருத்துவர்கள் இதை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள். தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே செலுத்துவது முதல் வகை. ஈரப் பஞ்சு முனை கொண்ட இரண்டு கோல்களை அக்குபங்சர் புள்ளிகளில் வைத்துச் சில நொடிகள் அழுத்துவது இரண்டாவது. ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது வசதி. குத்திய ஊசிகளில் கவ்விகளை மாட்டுவது மூன்றாவது.

இங்கே மரபோடு ஒரு முரண்பாடு வருகிறது. சீன மரபில் ஊசி சரியாக இறங்கியதா என்பதற்கு அடையாளமே உணர்ச்சிதான். பாரம், மரமரப்பு, மந்தமான வலி ஆகியவற்றை 'தே சீ' என்பார்கள். நோயாளி 'ஆமாம், தெரிகிறது' என்று சொல்வது மருத்துவருக்குக் கிடைக்கும் பதில். மைக்ரோகரண்டில் அந்தப் பதில் கிடையாது. கம்பி அறுந்திருந்தாலும், மின்கலம் தீர்ந்திருந்தாலும் நோயாளி அதேபோல அமைதியாகத்தான் படுத்திருப்பார்.

காட்டும் எண்ணும் பாயும் எண்ணும்

ஓம் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். உலர்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூடப் போகும். அதன் வழியே 500 மைக்ரோ ஆம்பியர் பாய வேண்டுமானால் 50 வோல்ட் தேவை. தோலை நனைத்து மின்தடையைப் பத்தாயிரம் ஓமுக்குக் குறைத்தால் 5 வோல்ட் போதும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாமல் 9 வோல்ட் மின்கலத்தை மட்டும் நம்பும் கருவி, உலர்ந்த தோலில் 90 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் தர முடியாது. திரையில் 500 என்று இருந்தாலும் அதுதான் கதை.

எனவே கருவியை வாங்கும் மருத்துவர் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உடலுக்குப் பதிலாகப் பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்றை இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 500 மைக்ரோ ஆம்பியர் பாய்ந்தால் 5 வோல்ட் காட்ட வேண்டும். துடிப்பாக வரும் மின்சாரத்துக்குச் சாதாரண மல்டிமீட்டர் சரியான விடை தராது, ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

ஊசி என்பது பட்டை அல்ல

ஊசி தோலைத் துளைத்து உள்ளே போவதால், தோலின் பெரும் மின்தடை வழியில் இல்லை. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி 10 மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால், திசுவைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 8 சதுர மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டர் சதுரப் பட்டையின் பரப்பு 2500 சதுர மில்லிமீட்டர். ஒரே மின்னோட்டம்தான், ஆனால் ஊசியைச் சுற்றி அதன் அடர்த்தி 300 மடங்குக்கும் மேல்.

இன்னொன்று மின்பகுப்பு. 500 மைக்ரோ ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஒரே திசையில் 20 நிமிடம் பாய்ந்தால் 0.6 கூலும் மின்னூட்டம் கடக்கிறது. அது முழுவதும் இரும்பைக் கரைக்கவே செலவானால், ஃபாரடே விதிப்படி சுமார் 0.17 மில்லிகிராம் கரையும். உள்ளே இருக்கும் ஊசிப் பகுதியின் எடையே 4 மில்லிகிராம்தான்! துருப்பிடிக்காத எஃகு என்பதால் நடைமுறையில் இவ்வளவு கரையாது. ஆனாலும் ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் சேர்ந்து திசுவைப் புண்ணாக்கலாம். ஆகவே ஊசியில் இணைக்கும் கருவி இரு திசைகளிலும் மாறி மாறிப் பாய்ச்சி, மொத்தக் கணக்கைச் சுழியாக்க வேண்டும். பட்டைகளுக்கென்று செய்த டென்ஸ் கருவியின் கம்பிகளை ஊசியில் மாட்டவே கூடாது.

கடன் வாங்கிய சான்றுகள்

இனி முக்கியமான விஷயம். மின் அக்குபங்சருக்கு மதிக்கத்தக்க ஆராய்ச்சிகள் உண்டு. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜிஷெங், குறைந்த அதிர்வெண் (2 ஹெர்ட்ஸ்) ஒரு வகை வலிநிவாரணிப் பொருள்களையும், அதிக அதிர்வெண் (100 ஹெர்ட்ஸ்) வேறொரு வகையையும் நரம்பு மண்டலத்தில் சுரக்கச் செய்வதைக் காட்டினார். மைக்ரோகரண்ட் விளம்பரங்களில் இந்த ஆய்வுகளையும் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் அவை நரம்பைத் தூண்டும், தசை துடிக்கும் அளவிலான மின்சாரத்தைப் பற்றியவை. அண்ணன் வாங்கிய பட்டத்தைத் தம்பி தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது.

அக்குபங்சர் புள்ளிகளில் மின்தடை குறைவு, கருவி அதைக் கண்டுபிடித்துவிடும் என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. 2008-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இதற்கான சான்றுகள் முடிவானவை அல்ல என்றது. கோலைக் கொஞ்சம் அழுத்தினாலோ, வியர்த்தாலோ அளவு மாறிவிடும்.

பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மைக்ரோகரண்டைப்போல வசதியானது வேறில்லை. டென்ஸில் சுறுசுறுப்பு இல்லையென்றால் நோயாளி உடனே கண்டுபிடித்துவிடுவார். இங்கே பாதிப் பேருக்குக் கருவியை அணைத்தே வைத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நேர்மையாகச் சோதிப்பதும் எளிது, ஏமாற்றுவதும் எளிது. பெரிய அளவில் அப்படிப்பட்ட சோதனைகள் குவியும்வரை, இதைத் துணைச் சிகிச்சையாகக் கருதுவதே நியாயம்.

யாருக்குக் கூடாது?

மின்சாரம் சிறிது என்பதற்காக எல்லாருக்கும் பொருந்தாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். புற்றுநோய்க் கட்டியின் மேலும், கழுத்தின் முன்பக்கத்திலும், மார்பின் குறுக்கேயும் செலுத்தக் கூடாது. நம்மவர்களில் பலருக்கு நீரிழிவு நோய் உண்டு. பாதம் மரத்துப்போனவர்களுக்குத் தோல் புண்ணானாலும் தெரியாது. அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலி ஒரு செய்தி. காரணம் தெரியாத வலிக்கு, எடை குறைவதோடு அல்லது காய்ச்சலோடு வரும் வலிக்கு, முதலில் நோயறிதல்தான் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நீங்கள் சிகிச்சைக்குப் போனால் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை மைக்ரோ ஆம்பியர், எத்தனை நிமிடம்? பட்டையா, ஊசியா, ஊசியென்றால் இந்தக் கருவி அதற்கென்றே செய்ததா? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? எத்தனை முறைக்குப் பிறகும் பலனில்லையென்றால் நிறுத்துவோம்? முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், நாள்பட்ட இடுப்புவலிக்கு அக்குபங்சரை 2020-ல் ஏற்றபோது, 90 நாளில் 12 முறை, முன்னேற்றம் தெரிந்தால் மட்டும் மேலும் 8 முறை என்று வரம்பு வைத்தது. அதே ஒழுங்கை நாமும் வைத்துக்கொள்ளலாம். மாடிப்படி எத்தனை ஏற முடிகிறது, இரவில் எத்தனை முறை வலியால் விழிக்கிறோம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நோட்டை வாங்கிப் பார்ப்பார்.