நஞ்சு கலந்த உணவு: உயிர் பிழைத்தாலும் நினைவாற்றலில் நீடிக்கும் பாதிப்பு

மைசூரு: கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம், சுல்வாடி கிராமத்தில் உள்ள கிச்சுகுத்தி மாரம்மா கோயிலில் 2018 டிசம்பர் 14-ஆம் தேதி கோபுர அடிக்கல் நாட்டு விழா நடைபெற்றது. அங்கு பிரசாதமாக வழங்கப்பட்ட தக்காளி சாதத்தை உண்ட 17 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் மைசூருவில் உள்ள கே.ஆர். மருத்துவமனை உள்ளிட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி வேண்டுமென்றே கலக்கப்பட்டதாகக் காவல் துறை தெரிவித்தது.

பிகார் மாநிலம், சாரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்த சம்பவத்திலும் இதே நஞ்சு சமையல் எண்ணெயில் கண்டறியப்பட்டது.

நரம்புகளைத் தாக்குவது எப்படி?

மோனோகுரோட்டோபாஸ், ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இது முடக்குகிறது. இதனால் வாந்தி, உமிழ்நீர்ப் பெருக்கு, கண்மணி சுருங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்படுகின்றன. அட்ரோபின் மருந்தும் செயற்கை சுவாசமும் உயிர் காக்கும் முக்கிய சிகிச்சைகளாகும்.

ஆபத்து அத்துடன் முடிவதில்லை. 1 முதல் 4 நாள்களுக்குள் சுவாசத் தசைகள் மீண்டும் தளரக்கூடும். சில ஆர்கனோபாஸ்பேட்டுகளால், 2 அல்லது 3 வாரங்களுக்குப் பிறகு கை, கால்கள் மரத்துப்போகலாம். வலிப்பின்போதும் மூச்சு தடைபடும்போதும் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால், நினைவாற்றல் மேலும் பாதிக்கப்படும்.

நிகரகுவாவில் இவ்வகை நஞ்சால் பாதிக்கப்பட்டு மீண்ட 36 தொழிலாளர்களை, சுமார் 2 ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். நினைவாற்றல், கவனம் உள்ளிட்டவற்றில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தது 1991-இல் வெளியான அந்த ஆய்வில் தெரியவந்தது.

கிருமிகளாலும் பாதிப்பு

பூச்சிக்கொல்லி மட்டுமே காரணமல்ல. உணவின் வழியே பரவும் லிஸ்டீரியா கிருமி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உடலுக்குள் சென்றால், மூளையில் நீர்க்கட்டிகள் தோன்றி வலிப்பு ஏற்படலாம்.

கவனிக்க வேண்டியவை

கடும் உணவு நஞ்சிலிருந்து மீண்டவருக்கு மறதி, கவனச் சிதறல், மனச்சோர்வு, குழந்தையாயின் படிப்பில் திடீர்ப் பின்னடைவு தென்பட்டால் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும். வீடு திரும்பும்போது சிகிச்சை விவரங்களைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பது அவசியம். பூச்சிக்கொல்லிகளைச் சமையலறையில் வைப்பதையும், அவற்றின் காலிக் கலன்களில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.