கொடுக்கல் வாங்கலும் முதலீட்டுக் காவலும்

தைப்பூசத்துக்குப் பழநி நோக்கிக் காவடியுடன் நடந்து செல்லும் நகரத்தாரைக் காண நத்தம் சாலையோரம் யான் நின்றிருந்தபோது, முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் வந்து வணங்கினார். அவர் திண்டுக்கல் நகரத்துப் பாங்கு ஒன்றில் கடன் வழங்கும் பகுதியிற் பத்தாண்டாகப் பணியாற்றுபவர். “ஐயா, பிறர் பணத்தைப் பங்குகளிலும் பத்திரங்களிலும் பகிர்ந்திட்டுப் பேணும் போர்ட்போலியோ மேலாண்மைக்கு மாற விழைகின்றேன். கடன் கொடுத்தே பழகியவனுக்கு அது கைவருமா?” என்று வினவினார். நன்னூல் கற்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. ஆயினும் எம் கண்ணெதிரே நடந்து சென்றவர்தம் முன்னோரே இவ்வினாவைத் தம் செல்வமனைத்தையும் பணயமாக வைத்து எதிர்கொண்டவராதலின், அவர் சரிதத்தை அவருக்குக் கூறினேன். அதனையே நம் இதழ் படிக்கும் அன்பர்க்கும் ஈண்டு வரைகின்றேன்.

நகரத்தார் பழநியிற் கால்வைத்தது வட்டித் தொழிலுக்காக அன்று, உப்பு விற்றற்கே. 17-ஆம் நூற்றாண்டுச் செய்திகளைக் கூறும் பழநி அறப்பட்டயங்கள், உப்பு வணிகர் விற்ற தொகையில் ஒரு பகுதியை மகமையென முருகனுக்கு ஒதுக்கிய வரலாற்றை உரைக்கின்றன. பண்ட வாணிகத்தினின்று பண வாணிகத்துக்கு அவர் பின்னர்ப் பெயர்ந்தனர். தொழில் மாறுதல் அக்குலத்தார்க்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறித்தேன். காவடியின் வரலாறு பிறிதொரு கட்டுரைக்கு உரியது.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கவே, பர்மிய அரிசிக்கு ஐரோப்பாவில் வழி பிறந்தது. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்துக் காடுகள் வெட்டுண்டு வயல்களாயின. உழவனுக்கு வித்துக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ஆங்கிலப் பாங்குகளோ அவன் குடிசை வாயிலை மிதிக்கவும் நாணின. அவ்விடத்தை நிரப்பியவர் நகரத்தார். முதலாளி செட்டிநாட்டில் இருப்பர். ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுவர். அவர்க்குக் கீழ் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருந்து தொழில் கற்பர். இரங்கூன் மொகல் தெருக் கோயிலிற் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை வகுப்பர். 1929-30-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த பர்மா மாகாணப் பாங்கு விசாரணைக் குழு, அந்நாட்டில் அவர் இட்டிருந்த முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அக்காலத்து ரூபாய் என்பதை அன்பர் மறத்தலாகாது.

இத்துணைப் பெரிய தொழிலை நடத்திய திறமை யாது? ஆளை அறிதலே. கடன் கேட்டு வந்தவன் எத்தகையவன், அவன் வயலுக்கு நீர் எவ்வழி வரும், சென்ற தவணையை எந்நாளிற் செலுத்தினான் என்பனவற்றை ஏஜெண்டு விரல்நுனியில் வைத்திருந்தார். அவனைப் பற்றி ஐயம் எழுமேல் நிலத்தை அடமானமாக எழுதி வாங்கினார். ஒவ்வொரு கடனையும் தனித்தனியே நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் நல்ல கடன்களே.

1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல்விலை ஓரிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. நல்லவனும் தீயவனும், உழைப்பாளியும் சோம்பனும் ஒருங்கே தவணை தவறினர். அடமான நிலங்கள் கடன் கொடுத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவில் நெல் மிகுதியாக விளையும் 13 மாவட்டங்களிற் சாகுபடி நிலத்தில் நகரத்தார் பங்கு 1930-இல் நூற்றுக்கு 6. அதுவே 1938-இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. 24 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம்! காண்பார் இதனைப் பெருஞ்செல்வம் என்பர். உண்மையில் திரும்பி வாராத பணமே மண்ணாகிக் கிடந்தது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கோ அது மாறாத புண். அவன் பக்கத்து நியாயத்தை நாம் மறைத்தல் தகாது. 1937-இல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கணக்கேடுகளைச் சுமந்துகொண்டு காடும் மலையும் கடந்து திரும்பியவர் பலர். 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் பர்மாவில் இயற்றப்பட்டது.

இதில் எங்கே பிழை? நம் ஊரை வைத்தே கூறுகின்றேன். வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை உழவன் ஒருவனுக்கும், அவ்விலையை வாங்கும் வியாபாரிக்கும், திண்டுக்கல்லிற் சுருட்டுச் சுற்றும் பட்டறைக்காரனுக்கும், மூட்டை ஏற்றும் வண்டிக்காரனுக்கும் ஒருவர் கடன் கொடுத்தாரென்க. பேரேட்டில் நான்கு பெயர்கள் இருக்கும். இலைக்கு நோய் கண்ட ஆண்டில் நால்வரும் ஒரே நாளிற் கைவிரிப்பர். ஆதலின் அவை நான்கு கடன் அல்ல. ஓர் இலைமீது நின்ற ஒரே கடன். பர்மாவில் எழுதப்பட்ட எண்ணிறந்த கடன்களும் அவ்வாறே ஒரு நெல்மணிமீது நின்றன. கடனாளியைத் தனித்தனியே அளந்த கண், அவரனைவரும் ஒருங்கே நின்ற தரையை அளக்கவில்லை. ஒரு முதலீட்டை அதன் தனித்தன்மையால் மட்டுமன்றி, ஏனையவற்றோடு அது கூடியேறுமா கூடிவீழுமா என்று நோக்கியும் மதிக்க வேண்டும் என்பதை அமெரிக்கராகிய ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இற் கணித முறையால் நிறுவினார். அதற்காக 1990-இல் நோபல் பரிசும் பெற்றார். போர்ட்போலியோக் கலைக்கு அதுவே அடிப்படை. நகரத்தார்க்கோ அப்பாடத்தை நெல்விலை அதற்கு இருபதாண்டு முன்னரே கற்பித்துவிட்டது.

கற்றவர் சிலர் காலத்தில் மாறினர். எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் ஒரே நாளிற் கதவு திறந்தார். அவர் காப்புறுதித் தொழிலிலும் ஆலைத் தொழிலிலும் முதலிட்டவர். 1954-இற் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். கருமுத்து தியாகராசச் செட்டியார் மதுரையில் மீனாட்சி ஆலையை நிறுவினார். 1943-இல் மதுரைப் பாங்கையும் கண்டார். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த ஏ. எம். எம். முருகப்பச் செட்டியார் குடும்பத்தார் தம் முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பித் தொழிற்சாலைகளில் இட்டனர். 1949-இல் மிதிவண்டி செய்யும் கம்பெனியும் அவ்வழிப் பிறந்தது. பிரித்திட்டவர்க்கு இழப்பே இல்லையோ எனின், உண்டு. ஆயுள் காப்புறுதி 1956-இலும், பர்மாவிலிருந்த பாங்குக் கிளைகள் 1963-இலும், இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு உள்ளிட்ட 14 பாங்குகள் 1969-இலும் அரசுடைமையாயின. ஆயினும் ஒரு கை வெட்டுண்டபோது மறு கை எஞ்சியது.

இனி, பழந்தொழிலினின்று புதுத்தொழிலுக்கு வந்து உதவிய பொருள் யாது? என் கருத்திற் கணக்கும் நாணயமுமே. பிறர் முதலைக் கடல்கடந்து கொண்டுபோய்ப் பெருக்கி, தவணை முடிவில் ஐந்தொகை எழுதி ஒப்புவித்த ஏஜெண்டு, பிறர்பொருட் காவலன் என்பதில் ஐயமில்லை. உதவாத பொருள் அடமானத்தில் வைத்த நம்பிக்கை. பங்குக்கு அடமானமில்லை, தவணைநாள் இல்லை, கதவைத் தட்டிக் கேட்கக் கடனாளியும் இல்லை. கடன் கொடுத்தவன் தன் முதல் மாறாதிருப்பதாகவே ஏட்டிற் காண்பான். பங்கு வைத்திருப்பவனுக்கோ அம்முதலின் மதிப்பு நாள்தோறும் ஏறியிறங்கும். அதனைக் கண்டு துயில் இழப்பவன் இத்தொழிலுக்கு ஆகான்.

இவற்றைக் கேட்ட இளைஞர், சட்டம் வழிவிடுமா என்றார். யான் விசாரித்தறிந்த அளவில், செபி 2020-இல் வகுத்த விதிகள் போர்ட்போலியோ மேலாளரிடம் ஒருவர் ஒப்புவிக்கும் தொகை 50 இலட்சம் ரூபாய்க்குக் குறையலாகாது என்றன. அக்கம்பெனியின் முதன்மை அலுவலர்க்குப் பங்குச் சந்தை சார்ந்த பணியில் 5 ஆண்டு அநுபவமும், அதனுள் முதலீட்டு மேலாண்மையிலோ ஆலோசனையிலோ 2 ஆண்டும் வேண்டின. கடன் பகுதியிற் கழித்த பத்தாண்டு அக்கணக்கில் ஏறாது. ஆகவே முதற்கண் ஆராய்ச்சி உதவியாளராக, குறைந்த ஊதியத்துக்கேனும் அமர்தல் வேண்டும். முப்பத்தைந்து வயதில் மீளவும் பெட்டியடிப் பையன் ஆவதா என்று அவர் நகைத்தார். யான் நகைக்கவில்லை.

அவருக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். தாம் கையொப்பமிட்ட கடன்களை, கடனாளர் பெயரை நீக்கிவிட்டு, ஒவ்வொன்றும் எப்பொருளின்மீது நிற்கிறது என ஒரு தாளில் எழுதிவரப் பணித்தேன். அடுத்த ஞாயிறன்று வந்தார். நூற்பாலை, பஞ்சு வியாபாரம், ஆலைக்கு வண்டி ஓட்டுபவர், ஆலைத் தொழிலாளர்க்கு வீடு கட்டி வாடகைக்கு விடுபவர் என்று வரிசை சென்றது. தாளின் பாதிக்கு மேல் வலப்பக்கத்தில் நூல், நூல், நூல் என்றே எழுதியிருந்தார்.