சங்கராபரணிக் கரைத் தலங்கள்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சைவ நன்மக்களாற் போற்றப்படுவன. இவற்றுள் முன்னிரண்டனையும் ஆராய்வார் பலர். தீர்த்தத்தை ஆராய்வார் சிலரே. ஆயின், ஊர் தோன்றுதற்கும், அவ்வூரிற் கோயில் நிலைபெறுதற்கும் முதற்காரணமாவது நீரேயாம்.

திருக்கயிலையைக் காணும் வேட்கையால், உடல் தேயவும் மீளாது வடதிசை சென்ற திருநாவுக்கரசு நாயனார், இறைவன் பணித்தவாறு ஆங்கிருந்த தடத்தில் மூழ்கி, காவிரிக் கரையிலுள்ள திருவையாற்று வாவியில் எழுந்து, கயிலைக் காட்சியை ஆங்கே கண்டனர் எனப் பெரியபுராணம் கூறும். மலைத்தடத்தின் பயன் ஆற்றங்கரையூரிலும் எய்தும் என்பது இதனாற் பெறப்படும். ஆகலின், தொலைவிலுள்ள பனிமலைப் பொய்கைகளை நாடுவோர் தம்மூர் ஆற்றையும் நோக்குதல் தகும்.

புதுவைச் சூழலில் அவ்வாறு நோக்கற்குரியது சங்கராபரணி. வராகநதி, செஞ்சியாறு என்பன இதன் பிற பெயர்கள். இது செஞ்சி மலைப்பக்கத்தே தோன்றித் தென்கிழக்காக ஓடிப் புதுவைக்குத் தெற்கே கடலொடு கலப்பது.

இவ்வாற்றங்கரைத் திருவக்கரை, திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. அப்பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் ஈண்டுக் கற்றளி எடுப்பித்தனர். கல்லாய்ச் சமைந்த பழமரங்கள் கிடக்கும் நிலமும் இவ்வூரை அடுத்துளது. திருவாண்டார்கோயில் என வழங்கும் வடுகூரும் சம்பந்தர் பாடல் பெற்றதே. அப்பதிகம் முதற் றிருமுறையது. அப்பாற் கிழக்கே ஆற்றை அடுத்து வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் விளங்குகின்றது.

ஆற்றின் கிளையொன்று கடலை அணுகுமிடத்து அரிக்கமேடு உளது. 1945-இல் வீலர் என்பார் நிகழ்த்திய அகழ்வில் உரோம நாட்டு மட்கலங்கள் வெளிப்பட்டன. கிரேக்கர் பொதுகே எனக் குறித்த துறை இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. முன்னாளிற் கலம் புகுதற்கு வழியாயிருந்த ஆறே, பின்னாளிற் கரையை அரித்து அப்பட்டினத்தின் சுவர்களைச் சிதைத்தது.

நீரால் அழிவது ஒருபுறமிருக்க, மக்களால் அழிந்தனவும் உள. புதுவை நகரின் வேதபுரீசுவரர் பழங்கோயில், டூப்ளே ஆளுநராயிருந்த 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகைக் காலத்தே இடிக்கப்பட்டது. அச்செய்தியை அந்நாளில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வரைந்து வைத்தனர். கோயில் பின்னர் வேறிடத்தே எழுந்ததாயினும், பழஞ்சுவரோடு ஒழிந்தன மீண்டில. பெண்ணையாற்றுக்கு வடபாலுள்ள பாகூரின் நிலையோ வேறு. அவ்வூர் வித்தியாத்தானத்திற்கு மூன்றூர்கள் அளிக்கப்பட்டமையை, 9-ஆம் நூற்றாண்டு நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு இன்றும் உணர்த்துகின்றது. ஏடு எஞ்சியவழி வரலாறு எஞ்சியது. எஞ்சாதவழி ஊர்ப்பெயரே எஞ்சியது. ஆதலின், நின்ற கோயில்களின் கல்வெட்டுக்களைச் சுண்ணமும் வண்ணமும் பூசி மறையாது காத்தல் திருப்பணியின் பாற்பட்டதென்க.

இவ்வழிச் செலவு புதுவையின் வடபாலுள்ள கருவடிக்குப்பத்தில் முடிதல் பொருத்தமுடைத்து. ஈண்டுச் சித்தானந்த சுவாமிகள் சமாதிக்கோயில் உளது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் இக்கோயிலைப் பாடியுள்ளார். பேராறும் பெருமலையும் இல்லாத இவ்விடத்தும் ஓர் அடியவர் இருந்தமையே தலத்தை ஆக்கிற்று.

தலங்களை வலம்வருதல் சரியையின் பாற்படும். காண்பதனை அறிந்து காணுங்கால், அச்சரியையே ஞானத்திற்கு வாயிலாம்.