மெழுகும் திருகாணியும்

மெட்டுகள் பதித்த தந்திக் கருவிகளில் சுருதி சேர்ப்பது என்பது இரு வேறு வேலைகளை உள்ளடக்கியது. பிருடையை முறுக்கித் திறந்த தந்தியை வேண்டிய சுருதிக்குக் கொண்டுவருவது முதல் வேலை. அது ஒவ்வொரு வாசிப்புக்கு முன்பும் வாசிப்பவராலேயே செய்யப்படுவது. அதே தந்தியை எந்த மெட்டில் அழுத்தினாலும் எழும் ஸ்வரம் தன் இடத்தில் நிற்குமாறு கருவியையே அமைத்து வைப்பது இரண்டாவது வேலை. இதைக் கிட்டார்க்காரர்கள் ‘செட்டப்’ என்கிறார்கள். வீணை செய்வோர் ‘மேளம் கட்டுதல்’ என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பட்டறையும் அமெரிக்கத் தொழிற்சாலையும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே சிக்கலுக்கு எதிரெதிர்த் திசைகளில் விடை கண்ட வரலாறு இது. குன்னூரை உள்ளடக்கிய நீலகிரி மலைக்கு இவ்வரலாற்றில் மரத்தின் வழியாகவும் தட்பவெப்பத்தின் வழியாகவும் ஓர் இடம் உண்டு.

சிக்கல் எளிமையானது. தந்தியைச் சரிபாதியில் நிறுத்தி மீட்டினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம் ஒலிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் தந்தி மெட்டுக்குச் சற்று மேலே நிற்பதால், விரல் அதை அழுத்தும்போது அது சிறிது இழுபடுகிறது. இழுபட்ட அளவுக்கு விறைப்பு கூடி, ஸ்வரம் கணக்குக்கு மேலே ஏறிவிடுகிறது. தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு இப்பிழை வளரும். தந்தியின் பருமனும் விறைப்பும் மாறினால் பிழையின் அளவும் மாறும். ஆகவே ஒரே கருவியில் ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு பிழை.

விஜயநகரத்தில் 1550-இல் ராமாமாத்தியர் இயற்றிய ‘ஸ்வரமேளகலாநிதி’ வீணைகளை வகைப்படுத்தும்போது, மெட்டுகளை ராகத்துக்கு ராகம் நகர்த்திக்கொள்ளும் ஏகராக மேள வீணையையும், எல்லா ராகங்களுக்கும் பொதுவாக மெட்டுகளை நிலையாக வைக்கும் சர்வராக மேள வீணையையும் பிரித்துக் காட்டுகிறது. முன்னதில் பிழை திருத்துவது வாசிப்பின் ஒரு பகுதி. மெட்டு தவறினால் நகர்த்திக்கொள்ளலாம். பின்னதில் மெட்டைப் பதிப்பவரின் தீர்ப்பே பல ஆண்டுகளுக்கு வாசிப்பவரின் ஸ்வரமாகிவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரும் அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரும் இருபத்துநான்கு நிலையான மெட்டுகளைக் கொண்ட வீணையை வகுத்தனர் என்று மரபு கூறும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி என்ற அந்த அமைப்பே இன்றைய தஞ்சாவூர் வீணையிலும் நிற்கிறது. இவ்வேற்பாட்டோடு மேளம் கட்டுவது தனித் திறன் வேண்டும் தொழிலாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

அத்தொழிலின் மையப் பொருள் தேன்மெழுகு. பலா மரத்தில் கடைந்த, வீணையின் கழுத்தான தண்டியின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் எழும் விளிம்புகள் மேல், கரிப்பொடி கலந்து பிசைந்த கருமெழுகு இரண்டு கரைகளாக ஏற்றப்படுகிறது. வெண்கலத்தாலோ பித்தளையாலோ ஆன மெட்டுகள் அக்கரைகளின் குறுக்கே பாலம் போல அமர்கின்றன. மேளம் கட்டுபவர் முதலில் சாரணி எனப்படும் முதன்மைத் தந்தியைச் சுருதிக்குக் கொண்டுவந்து, திறந்த தந்தியின் ஸட்ஜத்தோடு ஒத்துப் பார்த்துப் பன்னிரண்டாம் மெட்டை நிறுத்துகிறார். பஞ்சமம் முதலிய ஸ்வரங்கள் அதைப் பற்றிக்கொண்டு இடம் பெறுகின்றன. மெட்டை மெழுகின் மேல் வைத்து, தந்தியை அதன் மீது அழுத்தி மீட்டி, மயிரிழை அளவு முன்னோ பின்னோ தள்ளி, மறுபடியும் மீட்டிப் பார்த்து, காது ஒப்பிய பிறகே அதை மெழுகில் ஊன்றுகிறார். பின்னர்ச் சூடேற்றிய இரும்பால் மெழுகை இழைத்து இறுக்குகிறார். அழுத்தி மீட்டித்தான் இடம் காண்கிறார் என்பதால், அழுத்தும்போது தந்தி இழுபட்டு ஏறும் பிழை அந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. கீழ் ஸ்தாயிக்குரிய மந்தரத் தந்தியில் அதே மெட்டு சற்று விலகி ஒலித்தால், மெட்டின் ஒரு முனையை மட்டும் சிறிது சாய்த்து வைக்கவும் மெழுகு இடம் கொடுக்கிறது. மெழுகு என்றால் பழங்கால எளிய முறை என்று எண்ணுவோர் உண்டு. மெட்டின் இடம், சாய்வு, உயரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மெட்டுக்கும் தனித்தனியே மாற்ற விடும் வேறு அமைப்பு எதுவும் கிட்டாரில் இன்றுவரை பரவலாகவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

வாசிப்பவர் தாமே செய்துகொள்ளக்கூடிய நுண்திருத்தத்துக்கு வீணையில் லங்கர் உள்ளது. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அப்பால் தந்தியின் கடைசியில் இருக்கும் கம்பிச் சுற்றின் மீது சிறு வளையத்தை நகர்த்தினால் சுருதி இழையளவு ஏறி இறங்கும். ஆனால் அது திறந்த தந்திக்குத்தான் மருந்து. மெட்டு நகர்ந்துவிட்டால் மேளம் கட்டுபவரைத்தான் தேட வேண்டும்.

ஐரோப்பா காதை விடக் கணக்கை நம்பியது. கலிலியோவின் தந்தையும் லூட் என்னும் தந்திக் கருவியை வாசித்தவருமான வின்சென்ஸோ கலிலெய், 1581-இல் வெளியிட்ட நூலில், தந்தியின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கில் முதல் மெட்டையும், எஞ்சிய நீளத்தை மறுபடியும் பதினெட்டாகப் பகுத்து அடுத்த மெட்டையும் வைக்கும் விதியைத் தந்தார். ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கினால் வகு எண் உண்மையில் 17.817; பதினெட்டு என்பது கைத்தொழிலுக்கு ஏற்ற முழு எண். இந்தச் சிறு வேறுபாடு பன்னிரண்டாம் மெட்டை எட்டும்போது, ஓர் அரைஸ்வரத்தை நூறு கூறாக்கினால் அதில் பன்னிரண்டு கூறுக்கும் சற்று மேலான இறக்கமாகச் சேர்கிறது. தந்தி இழுபடுவதால் ஏறும் பிழையின் ஒரு பகுதியை அந்த இறக்கம் விழுங்கிவிட்டது என்பதால்தான் பிழையான விதி நூற்றாண்டுகளாகப் பட்டறைகளில் நன்றாகவே உழைத்தது.

தமிழ்நாட்டிலும் கணக்கின் பக்கம் நின்றவர் உண்டு. தஞ்சையில் சித்த மருத்துவராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியைப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் சமமாகப் பகுப்பதே பழந்தமிழிசையின் முறை என்று வாதிட்டு, அதற்குரிய தந்தி நீளங்களைப் பக்கம் பக்கமாக அட்டவணையிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் கருத்தை முன்வைத்தபோது, அவர் குடும்பப் பெண்கள் வீணை கொண்டு அதை விளக்கிக் காட்டினர். அவருடைய முடிவை ஏற்காதோர் பலர். எனினும் காதால் கட்டிய மேளத்தின் ஊரிலிருந்தே கிட்டாரின் மெட்டுக் கணக்கு ஒரு வரலாற்று வாதமாக எழுந்தது.

மின் கிட்டாரில் கணக்கின் எல்லை வெளிப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் போஷாம்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் காந்தச் சுருள் கொண்ட கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, மரப்பெட்டியின் ஒலிக்குள் ஒளிந்திருந்த பிழைகள் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. மெட்டுகள் மரத்தில் அறைந்து நிலைபெற்றவை. அவற்றை நகர்த்த முடியாது. எனவே தந்தியின் மறுமுனையை நகர்த்தும் வழி பிறந்தது. லியோ ஃபெண்டரின் 1950-ஆம் ஆண்டுக் கிட்டாரில் ஆறு தந்திகளுக்கு மூன்று பித்தளைத் தாங்கிகள் இருந்தன. இரண்டிரண்டு தந்திகள் ஒரு தாங்கியைப் பகிர்ந்துகொண்டதால் அது ஒரு சமரசமே. 1954-இல் கிப்ஸன் நிறுவனத்தின் டெட் மெக்கார்ட்டி உருவாக்கிய குதிரை அமைப்பும், அதே ஆண்டில் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் தந்திக்கு ஒரு தாங்கி கொடுத்தன. சேடில் எனப்படும் அத்தாங்கியைத் திருகாணியால் முன்னும் பின்னும் தள்ளலாம். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டும்போது எழும் ஒலியோடு, அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியை ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியை நீட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ள வேண்டும். 1960-களில் வாசிப்போர் மூன்றாம் தந்திக்குக் கம்பி சுற்றிய தந்தியை விட்டு மெல்லிய வெறுந்தந்திக்கு மாறியதும், பழைய தந்திக்கென்று நிறுத்திய சேடில்கள் அனைத்தும் தவறாயின.

இவ்விரு மரபுகளும் 1970-களில் நேருக்கு நேர் சந்தித்தன. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற கிட்டார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், ‘சக்தி’ குழுவுக்காக, மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டாரை வாசித்தார். வீணையில் மெட்டுகள் மரத்திலிருந்து உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்ப முடிகிறது. குடைந்த மரம் அதே இடைவெளியைக் கிட்டாருக்குத் தந்தது. ஆனால் விரலுக்கு அடியில் மரம் இல்லாதபோது சற்று அழுத்தினாலே ஸ்வரம் ஏறும். கருவி விட்டுக்கொடுத்த செம்மையை வாசிப்பவரின் விரலே ஈடுசெய்ய வேண்டும். உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்கருவியாக்கிக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தபோதும் மெட்டுகள் மேலைநாட்டுக் கணக்கின் மெட்டுகளாகவே இருந்தன. ராகத்தின் ஸ்வரங்களை அவருடைய விரல்களே கண்டுகொண்டன.

மெட்டுகளைத் தாங்கும் மரத்துக்கும் சுருதியில் பங்கு உண்டு. கிட்டாரின் விரற்பலகைக்கு 1950-களின் இறுதியிலிருந்து ஃபெண்டர் உள்ளிட்ட நிறுவனங்கள் ரோஸ்வுட்டைப் பெருமளவில் பயன்படுத்தின. பிரேசில் மரம் அரிதானபோது இந்திய ரோஸ்வுட் அதன் இடத்தைப் பிடித்தது. கிட்டார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் அதற்கு மாறியது. அம்மரமே நீலகிரியிலுள்ள கூடலூர், அருகிலுள்ள வயநாடு, நிலம்பூர்க் காடுகளின் ஈட்டி. அடர்த்தியும் எண்ணெய்ப் பசையும் உடையதாதலால் ஈரத்தில் மற்ற மரங்கள் அளவுக்கு அது அசைவதில்லை. மெட்டுகள் பதிந்த பலகை அசையாதிருப்பதே சுருதியின் முதல் நிபந்தனை. 1994-இல் தமிழ்நாடு அரசு ஈட்டி மரப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2017-இல் அம்மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார்த் தொழில் தடுமாறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஈட்டிப் பலகை அசையாவிட்டாலும் அதைத் தாங்கும் கழுத்து அசையும் என்பதைக் குன்னூர் போன்ற ஊர் எளிதில் காட்டும். 1899-இல் குன்னூரை எட்டிய மலை ரயில், ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து சில மணி நேரத்தில் 1,700 மீட்டருக்கு ஏறுகிறது. வழியில் குளிர்ந்த எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும்; அது பிருடையால் சரியாகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை வாரக்கணக்கில் குடிக்கும் மரத்துக்குப் பிருடை போதாது. கழுத்தின் வளைவு மாறித் தந்தியின் உயரம் மாறும், உயரம் மாறினால் ஒவ்வொரு மெட்டின் பிழையும் மாறும். 1920-களின் தொடக்கத்தில் கிப்ஸனின் தாடியஸ் மெக்ஹியூ கழுத்துக்குள் புதைத்த இரும்புத் தண்டு, டிரஸ் ராட், இந்த வளைவைத் திருகி நிமிர்த்துவதற்கானது. ஆகவே செட்டப்பில் வரிசை உண்டு: முதலில் தண்டு, பின்னர்த் தந்தியின் உயரம், கடைசியில் சேடில். முதலில் சேடிலைத் தொட்டவர் அதே வேலையை இரண்டாம் முறை செய்ய நேரும்.

தேன்மெழுகுக்கும் மலை ஒத்துவராது. 35 பாகையைத் தாண்டினால் மெழுகு இளகத் தொடங்குகிறது. 18 பாகைக்குக் கீழே இறுகி உடையும் தன்மை பெறுகிறது. தஞ்சையில் சித்திரை வெயிலில் மெட்டு அமிழ்வதே கவலை. மார்கழி இரவுகளில் வெப்பம் 10 பாகையை ஒட்டி இறங்கும் குன்னூரில் மெழுகு விரிசல் விடுவதே கவலையாக இருக்கும். வீணையின் தண்டிக்குள் இரும்புத் தண்டு எதுவும் இல்லை. தண்டி வளைந்திருந்தால், மேளம் கட்டுபவர் வளைவுக்கு ஏற்ப மெழுகுக் கரையின் உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ மெட்டுகளின் மேல்விளிம்பைத் தந்திக்கு இணையாகக் கொண்டுவருகிறார். கிட்டார் தண்டுக்கும் சேடிலுக்கும் பிரித்துக் கொடுத்த இரு வேலைகளையும் வீணையில் அந்த ஒரு மெழுகுக் கரையே செய்கிறது, அதனால்தான் தண்டி சிறிது அசைந்தாலும் மேளத்தைப் பெரும்பாலும் முழுவதுமாகப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.