அரிப்பு: ஓர் ஊர்ப்பெயரும் அதன் வரலாறும்

கேட்டமாத்திரத்தே நகையை விளைக்கும் ஊர்ப்பெயர்கள் சில உள. மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் அமைந்த அரிப்பு என்னும் ஊரின் பெயர் அத்தகையது. தோலில் உண்டாகும் தினவையே அச்சொல் முதலில் நினைவூட்டுதலின், அதனைப் புதிதாய்க் கேட்போர் முறுவலிப்பர். ஆயின், அரித்தல் என்னும் வினைக்குத் தமிழிலே வேறு பொருள்களும் உள. நீரிலிட்டு அலசிக் கல்லையும் மணலையும் வேறாக்குதலும் அரித்தலே. நீரானது கரையைச் சிறிது சிறிதாகத் தின்னுதலும் அரித்தலே. இவ்விரு பொருளும் இவ்வூரின் வரலாற்றோடு பொருந்தி நிற்றல் வியத்தற்குரியது.

அரிப்பைச் சூழ்ந்த நிலத்தின் அடிப்படை சுண்ணக்கல்லாகும். புத்தளத்துக்கு வடக்கிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடுவரை பரந்துள்ள இக்கற்படை, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், மயோசீன் காலத்திலே, ஆழமற்ற கடலின் அடியில் உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது. இங்கிலாந்தின் டோவர்க் கரையிலுள்ள வெண்சுண்ணப் பாறை இதனினும் பன்மடங்கு மூத்தது. எனினும், கடலுயிரே இரண்டுக்கும் மூலம். 164 கிலோமீற்றர் நீளமுடைய அருவியாறு அநுராதபுரத்தைக் கடந்து, இத்தாழ்நிலத்தின் ஊடாக வந்து கடலை அடைகின்றது. கரைக்கு அப்பால், ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுகளை முத்துச்சிப்பிகள் பற்றி வளர்ந்தன. பாறை, சிப்பி, முத்து ஆகிய மூன்றுக்கும் பெரும்பகுதி ஒரே சுண்ணப்பொருள் என்பது நினைக்கத்தக்கது.

முத்துக்குளிப்பு நிகழுங்காலம் ‘சலாபம்’ எனப்பட்டது. தமிழகக் கரையிலிருந்தும் அராபியாவிலிருந்தும் குளிகாரர் வந்து கூடினர். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட ‘கடற்கட்டி’யின் மந்திரமின்றி அவர்களுட் பலர் நீரில் இறங்கார். எடுத்த சிப்பிகளை நாட்கணக்கில் அழுகவிட்டு, பின்னர் கடல்நீரில் அலசி அரித்தே முத்தைப் பெற்றனர். அவ்வாறு பெற்ற முத்துகளைப் பருமன்படி வகுத்தற்கு, 20 கண் முதல் 1000 கண் வரையுள்ள பத்துவகைப் பித்தளைச் சல்லடைகள் பயன்பட்டன. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தின்போது, தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் இலெனாட் வுல்வ் என்னும் இளம் அலுவலர் கடமை புரிந்தார். அவரே பின்னர் எழுத்தாளராய்ப் புகழ்பெற்றவர். அக்காலத்தே மூழ்கி எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசினருக்கும், எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்த குளிகாரருக்கும் உரியனவாயின.

இச்செல்வமே அந்நியரை இக்கரைக்கு ஈர்த்தது. போர்த்துக்கேயர் இங்கே சிறு கோட்டையொன்றை அமைத்தனர். 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தருக்கு அது உரியதாயிற்று. கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், தோழர் ஒருவரொடு தப்பி, அருவியாற்றின் போக்கையே வழியாகக் கொண்டு நடந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் இக்கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூல், ஈழத்தின் உள்நாட்டு வாழ்வை ஐரோப்பியருக்கு விரிவாக அறிவித்தது.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். முதலாம் தேசாதிபதியாகிய பிறெடறிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்குங்கால் தங்குதற்கென, 1801 முதல் 1804 வரை கடலோரத் திடரின்மீது மாளிகையொன்றை எழுப்புவித்தார். பண்டைக் கிரேக்கரின் டோரிக் முறையைத் தழுவிய தூண்களை உடைமையால் அது ‘டோரிக்’ என்றே வழங்கலாயிற்று. செங்கல்லாற் கட்டப்பட்ட அம்மாளிகைக்கு, சிப்பியோடுகளைச் சுட்டெடுத்த சுண்ணத்தால் மெருகிட்டனர். முத்தைத் தந்த சிப்பியே மாளிகைக்குப் பளபளப்பையும் தந்தது.

நிலைபெறுதற்கெனக் கட்டிய அம்மாளிகை இருநூறு ஆண்டும் முழுமையாக நின்றதில்லை. அலைகள் திடரின் அடியை அரித்தன. சுவரும் தூணும் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. இன்று எஞ்சியிருப்பன சிதைந்த சில பகுதிகளே. சிப்பியிலிருந்து பெற்ற சுண்ணம் மீண்டும் கடலையே அடைகின்றது.

தேசாதிபதியின் பெயர் ஏடுகளில் உண்டு. மூழ்கி எடுத்தோர்க்கும், துர்நாற்றத்தின் நடுவே நின்று அரித்தோர்க்கும் கல்வெட்டும் இல்லை, மாளிகையும் இல்லை. பார், சலாபம், கடற்கட்டி என அவர்தம் தொழிலோடு வாழ்ந்த சொற்களே அவர்க்குச் சின்னமாக எஞ்சின. அவ்வுழைப்பையும் கடலின் வலிமையையும் ஒருங்கே உணர்த்தவல்ல சொல்லொன்று, ஊரின் பெயராகவே நிலைத்துள்ளது. எஞ்சிய சுவர்களை அலை கொள்ளுமுன் அளந்தும் வரைந்தும் வைத்தல் அறிஞர் கடன். அவ்வாறே, சலாபச் சொற்களை அவை மறக்கப்படுமுன் முதியோரிடங் கேட்டு எழுதிவைத்தல் அக்கரையில் வளரும் மாணாக்கர் கடன். நகைத்தற்குரியதாய்த் தோன்றும் ஒரு பெயர், கல்லினும் நெடிது நின்று சான்று பகரும் என்பதற்கு அரிப்பே தக்க எடுத்துக்காட்டாகும்.